தறிக்கு இடமில்லாத வீடு

அங்கத்தினர் ஒருவர் வீடு கட்டக் கடன் கோரி மனுச் செய்தால், அம்மனுவோடு எத்தனை காகிதங்கள் சேர்கின்றன என்பதைச் சங்க அலுவலகத்துக்கு நடந்தவர் அறிவர். பட்டா, கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, மதிப்பீடு, வருமானச் சான்று, ஜாமீன்தாரர் ஒப்புதல் என்று அக்கட்டு தடித்துக்கொண்டே போகும். இவற்றின் நடுவே வீட்டின் வரைபடமும் ஒன்று மடித்து வைக்கப்பட்டிருக்கும். அதை ஒருவரும் விரித்துப் பார்ப்பதில்லை. ஆய்வாளர் என்ற முறையில் நாமும் பன்முறை அதை மடித்தபடியே விட்டிருக்கிறோம். அதனால் விளைந்த ஒரு காரியத்தை முதலில் சொல்லிவிட்டு, நமது அபிப்பிராயத்தைப் பின்னர்க் கூறுவோம்.

ஈரோடு மாவட்டத்துச் சங்கமொன்றின் அங்கத்தினர் அவர், போர்வை நெய்பவர். ஊரும் பேரும் ஈண்டு வேண்டா. நத்தத்தில் ஓட்டு வீடு. அதில் இரண்டு குழித்தறிகள். ஒன்றில் அவரும் மற்றொன்றில் அவர் மனைவியாரும் நெய்து வந்தனர். கூரை ஒழுகிற்று, சுவர் ஒருபுறம் சாய்ந்தது. வீட்டை முற்றிலும் இடித்துவிட்டு ஏறக்குறைய 900 சதுர அடியில் புது வீடு கட்டத் துணிந்தார். சங்கத்தில் கடன் கேட்டார். பத்திரம் சுத்தமாக இருந்தது, ஜாமீன் இருந்தது, முந்தைய கடன்களில் ஒரு தவணையும் தவறியதில்லை. 'பரிந்துரைக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்திட்டோம்.

ஒன்றரை வருஷம் கழித்து அவ்வூருக்குச் சென்றபோது வீடு எழும்பியிருந்தது. முன்புறம் இரண்டு தூண்கள், வழுவழுப்பான கற்பலகைத் தரை, இரண்டு படுக்கையறை, பூசையறை, வண்டி நிறுத்தும் போர்ட்டிகோ. தறியைக் காணோம். கேட்டோம். மாடிப்படியின் அடியில், சாக்கு போர்த்தி, கட்டைகளாக அடுக்கி வைத்திருப்பதைக் காட்டினார். கற்பலகை பதித்த ஹாலில் குழி தோண்ட முடியாது. படுக்கையறையில் தறி கொள்ளாது. பின்புறம் இடம் விடவில்லை. சங்கக் கடன் போதாமல் நகையை வைத்தார். நகையும் போதாமல் வெளியில் வாங்கினார். அவ்வளவையும் அடைக்க அவர் இப்போது அயலூர் நூற்பாலை ஒன்றில் இரவு வேலைக்குச் செல்கிறார். சங்கக் கடனில் பாக்கி ஒரு காசும் இல்லை. ஆகவே நமது பதிவேட்டில் அது நல்ல கடன். ஆனால் சங்கத்தில் இரண்டு தறிகள் குறைந்துவிட்டன. அதற்குப் பதிவேட்டில் ஒரு பத்தியும் கிடையாது.

அவரை நாம் குறை கூறவில்லை. ஒழுகும் கூரையின்கீழ் இருபது மழைக்காலம் படுத்தவர், வீடு கட்டும் வாய்ப்பு வந்ததும் சற்றுப் பெரிதாகவே கட்ட நினைப்பது இயல்பு. வரைபடத்தைப் போட்டுக் கொடுத்தவர் நகரத்து மனைகளுக்குப் போட்ட படத்தையே கொடுத்தார். தறி என்று ஒன்று உண்டென்று அவருக்கு எவரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர் யார்? கறவை மாட்டுக் கடன் என்றால் மாட்டின் பல்லைப் பார்க்கிறோம், மடியைப் பார்க்கிறோம். தறிக் கடன் என்றால் தறியை நேரில் சென்று பார்க்கிறோம். இவற்றைவிடப் பல மடங்கு பெரிதான வீட்டுக் கடனில் மட்டும் காகிதத்தை எண்ணுவதோடு நம் கடமை தீர்ந்ததென்று எண்ணிவிட்டோம்.

இப்போது ஏன் இதை எழுதுகிறோம் என்றால், தவறிக் கட்டினால் திருத்திக்கொள்ளும் வசதி முன்னைப்போல் இல்லை. ஏக்கர்க் கணக்கில் பேசப்பட்டு வந்த நிலம் இன்று சென்ட் கணக்கிலும், சாலையோரமாயின் சதுர அடிக் கணக்கிலும் பேசப்படுகிறது. புறவழிச் சாலை ஒன்று வந்தால் போதும். தொழிற்பேட்டை வரப்போகிறது என்ற பேச்சே போதும். வரப்புகள் மறைந்து வண்ணக் கொடிகள் நடப்படுகின்றன. அம்மனைகளை வாங்குவோரில் பலர் அங்கே குடியிருக்க வருபவர் அல்லர். விலை ஏறட்டும் என்று வாங்கிப் போடுபவர். அவரோடு போட்டியிட்டு நெசவாளியும் இரண்டு ஏக்கர் மஞ்சள்காரரும் வாங்க வேண்டியிருக்கிறது. கிரயத்தின்மேல் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 2017-இல் 11 விழுக்காடாக இருந்தது. 2023-இல் 9 விழுக்காடாகக் குறைந்தது. ஐந்து லட்ச ரூபாய் மனைக்கு அதுவே 45,000 ரூபாய். பத்து லட்சத்துக்கு மேற்படாத சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு சலுகை என்று 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. வீட்டம்மாள் பெயரில் பதிய இதுவும் ஒரு காரணம். வேறு நல்ல காரணங்களும் உண்டு.

மலிவாகக் கிடைக்கிறதென்று அங்கீகாரமில்லாத மனையை வாங்குவது பற்றி ஒரு வார்த்தை. 2016-இல் சென்னை உயர்நீதிமன்றம் தலையிட்டது முதல் அத்தகைய மனைகளின் பதிவு பெரும் சிக்கலாயிற்று. வரைமுறைப்படுத்தும் திட்டம் 2017-இல் வந்ததேயாயினும், அது பழைய மனைகளுக்கு வந்தது. நகர் ஊரமைப்பு அங்கீகாரம் உண்டா என்று பார்க்காமல் முன்பணம் கொடுத்த அங்கத்தினர், பின்னர்ச் சங்கத்துக்கு வந்து கையைப் பிசைவதைப் பலமுறை கண்டிருக்கிறோம்.

மனை இருந்தும் கட்டுமானச் செலவு மலைக்க வைக்கிறது. ஆற்று மணல் அரிதாகி, பாறையை உடைத்த எம்-சாண்டுக்கு மாறியாயிற்று. அதன் விலையும் நிலையாக நிற்பதில்லை. கோவைத் தடாகம் பள்ளத்தாக்கில் 2021-இல் செங்கற் சூளைகள் மூடப்பட்டன; மண்ணை அளவின்றித் தோண்டியதன் விளைவு அது; மூடியது சரியே. எனினும் கல்லின் விலையில் அதன் சுவடு தெரிந்தது. சிமெண்டின் மேலிருந்த சரக்கு சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது ஓர் ஆறுதல். ஆனால் கொத்தனார் கூலியும் சிற்றாள் கூலியும் ஏறிய ஏற்றத்தில் அவ்வாறுதல் பெரிதாகத் தோன்றவில்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 900 சதுர அடி வீட்டுக்கு 18 லட்சம். கையிருப்பு மூன்றரை லட்சம் போக, கடன் பதினான்கரை லட்சம். ஒன்பது விழுக்காடு வட்டியில் பதினைந்து வருஷத்துக்குப் பார்த்தால் மாதத் தவணை ஏறக்குறைய 14,700 ரூபாய். கட்டி முடிக்கும்போது செலுத்தியிருப்பது 26 லட்சத்துக்கு மேல். அதே கையிருப்போடு 360 சதுர அடியில் காங்கிரீட் வீடும், பக்கத்தில் 140 சதுர அடியில் ஓட்டுச் சாய்ப்பும் கட்டினால், சாய்ப்புக்குச் சதுர அடி 900 ரூபாய் என்று கொண்டு, மொத்தம் எட்டரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. கடன் ஐந்து லட்சம். மாதத் தவணை 5,070 ரூபாய். பத்தே வருஷத்தில் அடைப்பதானால் 6,330. விலைகள் ஊருக்கு ஊர் வேறுபடும். ஆனால் இவ்விரண்டு தவணைகளுக்கும் இடையிலுள்ள தூரம் எந்த ஊரிலும் சுருங்காது.

அந்த 5,070-உம் எல்லாருக்கும் எட்டும் என்று நாம் சொல்லவில்லை. 2019-20-இல் எடுக்கப்பட்ட நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நெசவாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் குறைவு. இத்தகையோர்க்கு அரசின் உதவியின்றி வீடு இல்லை. 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி ஊரக வீட்டுத் திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கு மத்திய மாநிலப் பங்குகள் சேர்ந்து 1,20,000 ரூபாய் அடிப்படை உதவி. வீட்டின் குறைந்த அளவு 25 சதுர மீட்டர், அதாவது 269 சதுர அடி. காங்கிரீட் கூரைக்கென்று மாநில அரசு அதன்மேல் தனியே தொகை சேர்த்தது. 2024-இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு மூன்றரை லட்சம்; அளவு 360 சதுர அடி; அதில் 300 சதுர அடிக்குக் காங்கிரீட், எஞ்சிய 60 சதுர அடிக்குத் தீப்பற்றாத வேறு கூரை. 2011-இல் வந்த பசுமை வீடு 300 சதுர அடி. ஆட்சிகள் மாறினும் 300 சதுர அடியைச் சுற்றியே அளவுகள் நிற்கின்றன.

இவ்வளவுகளைக் குறைவென்று நாம் பழிக்கவில்லை. குடிசையிலிருந்து வெளியேற இவை ஏணி. ஆனால் ஒரு குழித்தறிக்கு, நெய்பவர் அமரும் குழியும் பாவு நீளும் இடமும் சுற்றி நடக்கும் வழியும் சேர்த்து, பத்தடிக்குப் பன்னிரண்டடி தாராளமாக வேண்டும். 120 சதுர அடி! 360-இல் மூன்றில் ஒரு பங்கு. தார் சுற்றுவதற்கும் நூல் வைப்பதற்கும் இடம் இதில் சேரவில்லை. ஆகவே நெசவாளி இத்திட்டங்களில் வீடு பெறும்போது வழக்கமான படத்தை அப்படியே வாங்கிக்கொண்டால், தறியையோ தன்னையோ வெளியே நிறுத்த வேண்டியதுதான்.

பெரிய வீட்டைச் சுருக்கிவிட்டால் சிறு வீடு ஆகிவிடும் என்பது இதிலுள்ள முதற்பிழை. ஹால், இரண்டு படுக்கையறை, பூசையறை, போர்ட்டிகோ என்ற ஐந்தையும் ஒவ்வொன்றாகக் குறுக்கி 400 சதுர அடிக்குள் அடைத்தால், கட்டில் போட்டால் கதவு திறவாத அறைகள் ஐந்து கிடைக்கும். நெசவாளியின் சிறு வீட்டைத் தறியிலிருந்து தொடங்கி வரைய வேண்டும். முதலில் தறி நிற்கும் இடம். அதற்குப் பக்கவாட்டில், இயன்றால் வடக்கே, வெளிச்சம் வரும் சன்னல். தரை மண்ணாகவோ கரடுமுரடான சிமெண்டாகவோ இருக்கட்டும். கூரை ஓடு. ஓடு ஏன் என்று வயதான நெசவாளர்களைக் கேட்டால் சொல்வார்கள்: சித்திரை வைகாசியில் காங்கிரீட்டின் அடியில் காற்று காய்ந்து பருத்தி இழை மளமளவென்று அறுகிறது. குழியும் மண்தரையும் ஈரத்தைப் பிடித்து வைப்பது வெறும் பழமையன்று. இழை அறாமலிருக்கச் செய்த ஏற்பாடு. ஜக்கார்டுப் பெட்டி ஏற்றுபவர்க்கு உயரமும் வேண்டும். சாய்வான ஓட்டுக் கூரையில் அந்த உயரம் தனிச் செலவின்றிக் கிடைக்கிறது.

தறிக்குப் பின் குடும்பம். ஒரு நல்ல ஆசாரம், ஓர் அறை, சமையலறை, கழிப்பறை, குளியலறை. முதற்கட்டத்துக்கு இவை போதும். சமையலறையும் குளியலறையும் ஒரே சுவரின் இருபுறமும் அமைந்தால் குழாய் ஒரே ஓட்டமாக முடிகிறது. கட்டடத்தைக் கூடியவரை சதுரமாக வைப்பதும் சிக்கனம்: 20 அடிக்கு 20 அடி என்றால் 400 சதுர அடிக்குச் சுற்றுச் சுவர் 80 அடி, அதே 400 சதுர அடியை 10 அடிக்கு 40 அடி என்று நீட்டினால் சுவர் 100 அடி. இடம் ஒன்றே, கல்லும் சாந்தும் பூச்சும் அஸ்திவாரமும் கால் பங்கு அதிகம். மனை நீளமாக இருக்கிறதே என்று வீட்டையும் நீளமாக்கிவிடும் பழக்கத்தில் எவ்வளவு பணம் மண்ணுக்குள் போகிறது!

பின்னால் பெரிதாக்கும் எண்ணமிருந்தால் அதை முதல் நாளே படத்தில் எழுதிவிட வேண்டும். மாடி வருமென்றால் அஸ்திவாரம் இப்போதே அதற்குத் தகுந்ததாக இருக்கட்டும். படிக்கட்டு வெளிப்புறம் அமையட்டும். நீட்டி விட்ட கம்பிகளை வெயிலிலும் மழையிலும் பத்து வருஷம் துருவேற விடாமல் மெலிந்த சாந்தால் மூடி வைக்க வேண்டும். மூன்று சென்ட் மனை, முகப்பு 28 அடி, ஆழம் 46 அடி என்றால், முன்னே வீட்டையும் பின்னே சாய்ப்பையும் வைத்த பிறகும் கிணற்றடிக்கும் ஒரு முருங்கைக்கும் இடம் மிஞ்சும். அந்த மிச்சந்தான் நாளைய அறை. முதல் வீட்டிலேயே எல்லை முட்டக் கட்டியவர்க்கு நாளை என்பது இல்லை.

சுவரிலும் கூரையிலும் சிக்கனம் செய்ய வழி தேடுவோர் தெற்கே திருவனந்தபுரம் வரை ஒருமுறை சென்று வரலாம். இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தில் நிலைத்த லாரி பேக்கர் 2007-இல் காலமானார். செங்கல்லைக் குத்துக்கல்லாக நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டு அவர் கட்டிய எலிப்பொறிக் கட்டில் கல்லின் செலவு ஏறக்குறைய கால் பங்கு குறைகிறது. நடுவிலுள்ள காற்று வெப்பத்தைத் தடுக்கிறது. காங்கிரீட் கூரையின் கீழ்ப்பாதியில் பளுவைத் தாங்காத இடங்களில் பழைய ஓடுகளைப் புதைத்துச் சிமெண்டை மிச்சப்படுத்தும் முறையையும் அவர் பரப்பினார். அவர் துணையோடு 1985-இல் தொடங்கிய காஸ்ட்ஃபோர்டு நிறுவனம் இவ்வேலையைத் தொடர்கிறது. நம் பக்கத்துக் கொத்தனார்களில் பலர் இக்கட்டைக் கையால் செய்ததில்லை. செய்யச் சொன்னால் தலையை ஆட்டுகிறார்கள். ஒரு சங்கம் தன் கிடங்கின் ஒரு சுவரை இம்முறையில் கட்டிக் காட்டினால், நூறு பிரசங்கங்கள் செய்யாததைச் செய்யும்.

விவசாய அங்கத்தினர்க்குத் தறியில்லை. களமும் கொட்டிலும் உண்டு. மஞ்சள் வேகவைத்து உலர்த்தவும், மூட்டை அடுக்கவும், பூச்சிமருந்தும் தெளிப்பானும் வைக்கவும் இடம் வேண்டும். பூச்சிமருந்து சமையலறைப் பரணில் இருப்பதைப் பார்த்திருக்கிறோம். 1,200 சதுர அடியில் வீட்டைக் கட்டிவிட்டு மூட்டையை ஹாலில் அடுக்கி, ஈரம் தாக்குவதற்குள் வந்த விலைக்குத் தள்ளிவிடுவதைவிட, 600 சதுர அடி வீடும் தனியே ஓர் உலர்ந்த அறையும் அவர்க்கு லாபம். விலை ஏறும்வரை இரண்டு மாதம் வைத்திருக்க முடிவதே ஒரு தவணைக்குச் சமானமாகலாம்.

நாம் சொல்வதற்கு மறுப்புகள் உண்டு. சங்கக் கூட்டமொன்றில் நேரிலேயே கேட்டோம். "எங்கள் பணம், எங்கள் விருப்பம், வீட்டை எப்படிக் கட்டுவதென்று சங்கம் சொல்லலாமா?" என்றார் ஒருவர். சொல்லலாகாது, ஆனால் கேட்கலாம். தறி எங்கே நிற்கும் என்று கேட்பது அதிகாரமாகாது. மற்றோர் அம்மையார் சொன்னதற்கு நம்மிடம் விடையில்லை. "சின்ன வீடென்றால் பொண்ணுப் பார்க்க வருகிறவர்கள் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள், ஐயா. தூண் இரண்டு இருந்தால்தான் உள்ளே வருகிறார்கள்" என்றார். உண்மை. இரண்டு தூணும் ஒரு போர்ட்டிகோவும் ஒரு லட்சத்துக்கு மேல் விழுங்குகின்றன என்பதை அவரும் அறிவார். வாஸ்து நிபுணர் சொல்லிக் கட்டிய கதவை இடித்து வேறிடத்தில் வைத்த செலவைப் பற்றியும், புதுமனை புகுவிழாப் பந்தியைப் பற்றியும் எழுதத் தொடங்கினால் இவ்விதழ் கொள்ளாது.

மனை விலைக்குத் தனி ஆளாக ஈடுகொடுக்க முடியாது என்பதும் வெளிப்படை. இங்கே நாம் பழைய வழியை நினைவூட்டுகிறோம். ஆலைத் துணியின்மேல் 1953-ஆம் வருஷச் சட்டப்படி விதித்த கூடுதல் தீர்வையின் நிதி கைத்தறிக்குச் செலவிடப்பட்டது. நெசவாளர் குடியிருப்புகளும் அக்காலத் திட்டங்களில் இடம்பெற்றன. நெசவாளர் காலனி என்ற பெயர் தமிழகத்தின் பல ஊர்களில் இன்றும் வழங்குகிறது. அவ்வகைக் குடியிருப்புகளில் ஒன்றிரண்டை நாம் நடந்து பார்த்தோம். வீடுகள் சிறியவை, பக்கத்துச் சுவர் இருவீட்டுக்கும் பொது, தெரு மட்டும் நீளமாக, நேராக இருக்கிறது. விடியலில் பாவு நீட்டித் தோய்வதற்காக விட்ட தெரு அது. வீட்டுக்குள் இல்லாத இடத்தைத் தெருவில் பொதுவாக வைத்துக்கொண்டார்கள். இன்றைய மனைப்பிரிவுகளில் அத்தகைய தெரு விலைக்குக் கிடைக்காது. இருபது முப்பது அங்கத்தினர் கூடி ஓர் ஏக்கரை ஏக்கர் விலைக்கே வாங்கி, முறைப்படி அங்கீகாரம் பெற்றுப் பிரித்துக்கொண்டால்தான் கிடைக்கும். சாலைக்கும் பொது இடத்துக்கும் போக எஞ்சுவது குறைவே. எனினும் சென்ட் விலைக்கு வாங்குவதைவிடப் பெரிதும் மலிவு. இதற்குச் சங்கம் முன்நிற்காவிடில் வேறு யார் நிற்பார்?

கட்டட அனுமதியின் பொருட்டு முன்போல் அலைய வேண்டியதில்லை. 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில் 3,500 சதுர அடிக்கு மேற்படாத வீட்டுக்கு, உரிமையாளரே சான்றளித்து இணையவழியில் உடனடி அனுமதி பெறும் முறை 2024 ஜூலையில் வந்தது. நம் அங்கத்தினர் வீடுகள் எல்லாம் இதற்குள் அடங்கும். இதற்கும் ஒரு வரைபடம் வேண்டும். அந்த வரைபடத்தைச் சங்கமே வைத்திருந்தால் என்ன என்பதுதான் நமது யோசனை. ஒரு தறி உள்ள வீடு, இரண்டு தறி உள்ள வீடு, களமும் உலர்அறையும் உள்ள வீடு, பழைய ஓட்டு வீட்டை இடிக்காமல் கூரையும் ஒரு சுவரும் மட்டும் மாற்றுவதற்கான மதிப்பீடு என்று நான்கு படங்கள் போதும். தகுதி பெற்ற பொறியாளரிடம் ஒருமுறை கட்டணம் கொடுத்து வரைந்து வாங்கிச் சங்கச் சுவரில் ஒட்டி வைக்கலாம். கேட்பவர்க்குப் படி கொடுக்கலாம். வீட்டுக் கடன் மனுவில் இரண்டு வரிகள் கூடுதலாகச் சேர்க்கலாம்: தறி, களம், கொட்டில் இவை படத்தில் எங்கே உள்ளன? கூலி நின்ற மாதத்தில் தவணை எதிலிருந்து வரும்? இவ்விரண்டுக்கும் விடை எழுதாத மனுவை இனிப் பரிந்துரைப்பதில்லை என்று நம்மளவில் முடிவு செய்திருக்கிறோம்.

முன்னர்ச் சொன்ன போர்வை நெசவாளி சென்ற மாதம் சங்கத்துக்கு வந்திருந்தார். போர்ட்டிகோவின் இரண்டு பக்கத்தையும் அடைத்து ஒரு தறியையாவது ஏற்றலாமா என்று கேட்டார். நாடா கொண்டு அளந்தோம். பதினொன்றடிக்குப் பதின்மூன்றடி இருக்கிறது. தூண் ஒன்று குறுக்கே நிற்கிறது. அதை எடுக்கலாகாது என்கிறார் பொறியாளர். தறியை ஒருபுறம் ஒதுக்கிப் போட முடியுமா என்று பார்த்து வருகிறோம். மற்ற அங்கத்தினர் தங்கள் தறியின் நீள அகலத்தையும் மனையின் அளவையும் மகாசபைக்கு முன் சங்க எழுத்தரிடம் எழுதிக் கொடுத்தால், அந்நான்கு படங்களுக்கும் அவ்வளவுகளே ஆதாரமாக இருக்கும்.